தோட்டாவின் கழுத்து: சன்னமும் கோதும் இணைந்த வரலாறு

தோற்றுவாய்

திருகோணமலைக்கு வடக்கே, புல்மோட்டையை அடுத்த காட்டோர ஊர்களில் பயிர்க்காவலுக்குப் பயன்பட்ட பழைய நாட்டுத் துப்பாக்கியை மக்கள் ‘இடியன் துவக்கு’ என வழங்குவர். குழலின் வாய்வழியே வெடிமருந்தை இட்டு, அதன்மேல் தேங்காய்த் தும்பையோ கந்தையையோ திணித்து, ஈயத்தை இறக்கி, கோல்கொண்டு இடித்து இறுக்குதலின் அப்பெயர் அதற்கு அமைந்தது. பெயரிட்டோர் குழலையோ குறியையோ கருதாது இடித்தலையே கருதினர் என்பது நோக்கத்தக்கது. மருந்து முழு வலிமையோடு எரிதற்கு அதன்முன் ஒரு தடை வேண்டும் என்னும் உண்மையை அவர்கள் தம் கைப்பழக்கத்தால் உணர்ந்திருந்தனர்.

இக்காலத் தோட்டாவில் இடிகோலும் இல்லை, தும்பும் இல்லை. பித்தளைக் கோதின் கழுத்தும், அக்கழுத்தின் விளிம்பைச் சிறிது உள்நோக்கி வளைத்துச் சன்னத்தைக் கவ்வச் செய்யும் நெரிப்புமே அவற்றின் தொழிலை மேற்கொண்டுள்ளன. அந்நெரிப்பு நகத்தின் விளிம்பளவே அகலமுடையது. ஆயினும் அச்சிறு வளையத்தின் வரலாற்றை ஆராயின், ஒரு பேரரசு ஆட்டங்கண்டதும், வெடிமருந்தை அளக்கும் உரிமை கையினின்று ஆலைக்குச் சென்றதும், எந்திரத்தின் விரைவு மனிதனின் நுட்பத்தோடு முரண்பட்டதும் அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும். இறுக்கம் எவ்வளவு வேண்டும், அதனை அளப்பவர் யார் என்னும் இரண்டு வினாக்களே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

தாளும் பல்லும்

போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டில் இலங்கையை அடைந்த பின்னர் துப்பாக்கி இந்நாட்டில் பரவலாயிற்று. நாட்டுக் கம்மியர் அத்தொழிலை விரைவிற் கற்றுத் தேர்ந்தனர். அக்காலத்தில் மருந்து ஒரு கொம்பிலும், ஈயக்குண்டு ஒரு பையிலும் தனித்தனியே இருந்தன. ஒவ்வொரு முறையும் மருந்தை அளப்பவனும் இறுக்குபவனும் சுடுபவனே ஆவான். அளவு மிகினும் குறையினும் பழி அவனையே சாரும்.

போர்க்களத்தில் இம்முறை காலத்தைப் பெரிதும் விழுங்கிற்று. ஆகவே ஒரு வெடிக்குரிய மருந்தையும் குண்டையும் தாளில் ஒருங்கே சுருட்டி வைக்கும் வழக்கம் ஐரோப்பியப் படைகளில் ஏற்பட்டு, 17ஆம் நூற்றாண்டில் நன்கு வேரூன்றிற்று. இதுவே தோட்டாவின் முதல் வடிவம். வீரன் தாளின் ஒரு முனையைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலிற் கொட்டி, குண்டை இறக்கி, கோலால் இடிப்பான். எஞ்சிய தாள் அடைப்பாகவும் பயன்பட்டது. அளத்தல் வேறொருவர் பொறுப்பாயிற்று. இடித்தல் மட்டுமே வீரன்பால் எஞ்சிற்று. மருந்தின் அளவை அறியாமலே ஒருவன் சுடலாம் என்னும் நிலை அன்று தோன்றியது.

பிறர் கட்டிய பொதியைத் தன் வாயில் வைத்துக் கடித்தற்கு, கட்டியவர்மேல் நம்பிக்கை வேண்டும். அந்நம்பிக்கை தகர்ந்த நிகழ்ச்சியே 1857ஆம் ஆண்டின் இந்திய எழுச்சிக்கு உடனடிக் காரணமாயிற்று. 1853ஆம் ஆண்டு மாதிரியான என்பீல்ட் துப்பாக்கியின் குழலுள் மரைகள் வெட்டப்பட்டிருந்தன. சன்னம் அம்மரைகளிற் பொருந்தி இறங்குதற்காகத் தாளின்மேல் கொழுப்புப் பூசப்பட்டது. அக்கொழுப்புப் பசுவினுடையது என்றும் பன்றியினுடையது என்றும் கல்கத்தாவை அடுத்த டம்டம் பாசறையில் 1857 சனவரியிற் பேச்சு எழுந்தது. பசுவை வணங்கும் இந்து வீரனும், பன்றியை விலக்கும் முஸ்லிம் வீரனும் ஒருங்கே மனம் புண்பட்டனர். பல்லாற் கடியாது கையாற் கிழிக்கலாம் என்று பயிற்சி விதி மாற்றப்பட்டது. ஆனால் ஐயம் நீங்கவில்லை. மார்ச்சு 29ஆம் நாள் பாரக்பூரில் மங்கள் பாண்டே படைக்கலம் ஏந்தினான். ஏப்பிரல் 24ஆம் நாள் மீரட்டில் மூன்றாம் குதிரைப் படையைச் சேர்ந்த 90 பேருக்குத் தோட்டாக்கள் வழங்கப்பட்டபோது, 85 பேர் அவற்றைத் தொட மறுத்தனர். அன்று வழங்கப்பட்டவை புதிய கொழுப்புத் தோட்டாக்கள் அல்ல. வீரர் முன்பே பழகியிருந்த பழைய வகையே என்பது கருதத்தக்கது. பொருளில் மாசு உண்டோ இல்லையோ, செய்தவர்மேல் இருந்த நம்பிக்கை முற்றும் அற்றுவிட்டது. மே 9ஆம் நாள் அவர்கள் விலங்கிடப்பட்டனர். மறுநாள் மீரட் எழுந்தது. அடுத்த ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியே முடிவுற்றது.

இவ்வெழுச்சிக்கு நிலவரி, நாடு கவர்தல், படையினரின் குறைகள் எனக் காரணங்கள் பல இருந்தன. எனினும் அவை அனைத்தும் திரண்டு வெளிப்பட்ட இடம் ஒரு தோட்டாவின் தாள்முனை. எதனால் எதனைப் பொதிவது என்பதைச் செய்வோர் மட்டும் தீர்மானித்தனர். அதனை வாயில் வைப்போர் எவரும் வினவப்படவில்லை. தொழில்நுட்பம் கற்பார்க்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

பித்தளைக் கோது

தாளின் காலம் அதன்பின் நெடிது நிற்கவில்லை. 1866ஆம் ஆண்டில் பிரித்தானியர் என்பீல்ட் துப்பாக்கிகளைப் பின்புறமாகத் தோட்டா இடும் சினைடர் வகையாக மாற்றினர். அதற்குரிய தோட்டாவை ஊலிச்சு ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கேணல் பொக்சர் என்பார் வகுத்தார். மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி அமைத்த கோதும், அதன் அடியில் தீப்பொறி தரும் கேப்பும், வாயில் ஈயச் சன்னமும் கொண்டது அது. மருந்தும் தீயும் ஈயமும் ஒரே பொருளாயின. இடிகோல் அன்றே வேலையிழந்தது. இனி மருந்தின்முன் தடையாய் நிற்பது கோதின் வாய் சன்னத்தைப் பிடிக்கும் பிடி ஒன்றே.

சுருட்டிய கோது நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1885 சனவரியில் சூடானின் அபூ கிளேயா என்னுமிடத்து நடந்த போரில், சூடேறிய மார்ட்டினி–கென்றித் துப்பாக்கிகளில் கோதுகள் சிக்கிக்கொண்டன. கோதின் அடியைத் துப்பாக்கி பற்றியிழுக்க, அடி மட்டும் பிய்ந்து, உடல் உள்ளேயே தங்கிற்று. இத்தகைய இடர்களின் பின் ஒரே பித்தளைத் துண்டினின்று இழுத்து உருவாக்கும் கெட்டிக் கோது இடம்பெற்றது. அத்தகைய கோது வெடித்தபின்னும் உருக்குலையாது நிற்கும். எனவே அதனை மீண்டும் நிரப்பலாம் என்னும் எண்ணமும் வலுப்பெற்றது.

இங்கு ஒரு வியப்பும் உண்டு. பொக்சர் வகுத்த கேப்பு அமைப்பில் தீ செல்லும் துளை ஒன்றே. அது கோதின் நடுவில் உள்ளது. பழைய கேப்பை உள்ளிருந்து ஓர் ஊசியால் எளிதில் தள்ளிவிடலாம். அமெரிக்கரான பேர்டன் வகுத்த அமைப்பில் நடுவே ஒரு குமிழும், அதன் அருகே இரு சிறு துளைகளும் உள. அதில் கேப்பை எடுத்தல் அரிது. ஆங்கிலேயர் கண்ட முறையை அமெரிக்கரும், அமெரிக்கர் கண்ட முறையை ஐரோப்பியரும் பெரிதும் கைக்கொண்டனர். கையால் தோட்டா நிரப்பும் கலை அமெரிக்காவில் தழைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நம் நாடுகளிலோ நிலைமை வேறு. 1857க்குப் பின் படைக்கலம் பற்றிய ஐயம் ஆட்சியாளர் உள்ளத்தில் நிலைபெற்றுவிட்டது. இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும், இலங்கையில் 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டமும் அனுமதியின்றி எவரும் படைக்கலம் செய்தலையும் வைத்திருத்தலையும் தடுத்தன. இடியனுக்கு மருந்தளந்த கை இவ்வாறு வரலாற்றினின்று மெல்ல விலக்கப்பட்டது. அளக்கும் உரிமை அரசாங்க ஆலைக்குச் சென்றது.

நீலகிரியும் கோடைற்றும்

அவ்வாலைகளுள் ஒன்று தமிழ் நிலத்தில் எழுந்தது. கருமருந்து எரியும்போது புகையும் கரியும் மிகும். 1884இல் பிரான்சு நாட்டு வியேய் என்பார் புகையற்ற மருந்தைக் கண்டார். 1889இல் ஏபெல், டிவார் என்னும் இருவர் பிரித்தானியாவில் ‘கோடைற்’ என்னும் மருந்தை ஆக்கினர். அது தூளன்று, நூல்போல நீண்ட இழைகளாக அமைந்தது. .303 அங்குலத் தோட்டா 1888இல் கருமருந்தோடு தோன்றி, 1891 முதல் கோடைற்றை ஏற்றது.

இம்மருந்தை இந்தியாவிலேயே ஆக்குதற்கு நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காடு தேர்ந்தெடுக்கப்பட்டு, 1903இல் அங்கு ஆலை நிறுவப்பட்டது. வெப்பத்தால் இயல்பு மாறக்கூடிய மருந்துக்கு மலையின் குளிர்ச்சி ஏற்றதாயிருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை இரயில்பாதை 1899இலேயே திறக்கப்பட்டிருந்தது. பின்னர் அது உதகைக்கு நீண்டபோது அருவங்காடு அதன் நிலையங்களுள் ஒன்றாயிற்று. காட்டேரி அருவியின் நீராற்றல் ஆலைக்கு மின்னாற்றலாயிற்று. இவ்வாலை 2021 அக்டோபர் முதல் இந்திய அரசின் மியூனிசன்சு இந்தியா நிறுவனத்தின்கீழ் இயங்குகின்றது.

.303 தோட்டாவில் கோடைற்றை இட்ட முறை பலரும் அறியாதது. ஏறத்தாழ 60 இழைகள் கொண்ட ஒரு கட்டு கோதினுள் செருகப்படும். ஆனால் அக்கோதின் கழுத்து ஒடுங்கியது, கட்டோ பருமனானது. முதலில் கழுத்தை ஒடுக்கிவிட்டால் கட்டு உட்புகாது. ஆதலின் ஒடுக்காத நேரான கோதில் மருந்தை இட்டு, அதன்மேல் அட்டைவில்லை ஒன்றை வைத்து, அதன் பின்னரே கழுத்தை ஒடுக்கினர். இறுதியாகச் சன்னத்தை அமர்த்தி, கழுத்தில் மூன்று இடங்களிற் குத்தி அழுத்திப் பிடிக்கச் செய்தனர். நிறைந்த குடத்துக்குக் கழுத்து வனைவது போன்ற இவ்வேலை ஆலைக்கே இயலும். வீட்டு மேசையில் இயலாது. அளக்கும் உரிமையைச் சட்டம் பறித்தது ஒரு பக்கம் இருக்க, தோட்டாவின் அமைப்பே கையைப் புறத்தே நிறுத்திற்று எனலாம்.

சன்னத்தின் பிடி பற்றிய இன்னொரு சிக்கலும் இக்காலத்தில் டம்டம்மில் எழுந்தது. 1895ஆம் ஆண்டின் சித்திரால் போரில் .303 சன்னம் எதிரியை ஊடுருவிச் சென்றும் அவனை வீழ்த்தவில்லை என முறையிட்டனர். டம்டம் ஆலையின் கப்டன் பேர்ட்டி–கிளே, சன்னத்தின் மூக்கில் உலோக உறையைக் குறைத்து ஈயம் வெளித்தெரியுமாறு செய்தார். உடலிற் பட்டதும் அது விரிந்து கொடும்புண் விளைக்கும். உறை அடியிலும் திறந்திருந்தமையால், ஈயம் மட்டும் முன்னே பாய்ந்து உறை குழலிற் சிக்கும் இடரும் இருந்தது. 1899 சூலை 29ஆம் நாள் கேக் நகர மாநாட்டில் விரியும் சன்னங்களைப் போரில் விலக்கும் பிரகடனம் நிறைவேறிற்று. பிரித்தானியா 1907இல் அதனை ஏற்றது. ஓர் ஊரின் பெயர் கொடுமைக்கு மறுபெயராக உலகெங்கும் நின்றுவிட்டது.

விரைவும் பிடியும்

ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் இட்ட காலத்தில் கழுத்தின் பிடி பெரிதும் சோதிக்கப்படவில்லை. விரைவு வளர வளரச் சோதனையும் வளர்ந்தது. அமெரிக்க விஞ்செசுற்றர் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் ஒரு நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. சுருள்வில்லின் அழுத்தமும் பின்னுதைப்பும் சன்னத்தைக் கோதினுள் தள்ள முயன்றன. சுழல் துப்பாக்கியில் இதற்கு மாறாக, துப்பாக்கி பின்னே உதைக்கும்போது சன்னம் இருந்த இடத்தில் நிற்க முயன்று கோதினின்று முன்னே நழுவிற்று. ஒன்றில் உள்ளே செல்லாமலும் மற்றொன்றில் வெளியே வராமலும் தடுக்க, வாய்நெரிப்பு இன்றியமையாததாயிற்று. சன்னத்தைச் சுற்றி ஒரு சிறு பள்ளவரை வெட்டி, கோதின் விளிம்பை அதனுள் மடித்துப் பதிக்கும் முறை இவ்வாறு நிலைபெற்றது.

1884இல் மாக்சிம் ஆக்கிய இயந்திரத் துப்பாக்கி, வெடியின் உதைப்பையே கொண்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிற்று. இத்தகைய பொறிகளின் வேகத்தைத் திருகோணமலை கண்கூடாகக் கண்டது. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் சப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது, சீனக்குடா விமானத்தளத்தினின்று அரிக்கேன் விமானங்கள் எதிர்த்தெழுந்தன. அவ்வகை விமானத்தின் இறக்கைகளில் .303 பிரௌனிங் துப்பாக்கிகள் பல பொருத்தப்படும். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தோட்டாக்களைச் சுடவல்லது. தோட்டா பட்டியினின்று பறிக்கப்பட்டு, அறையுட் செலுத்தப்பட்டு, வெடித்து, வெறுங்கோதாய் எறியப்படும் இவை அனைத்தும் ஒரு நொடியின் மிகச் சிறு கூற்றில் நிகழும். மேலும், கோடைற் சூடான அறையில் தங்கின் தானே வெடிக்கும் இயல்புடையது. ஆதலின் சுடாதபோது அறையில் தோட்டா தங்காதவாறு பிரித்தானியர் அத்துப்பாக்கியின் அமைப்பையே மாற்றினர். எந்திரம் மருந்துக்கு இணங்க மாறிற்று. மருந்தும் கோதும் எந்திரத்துக்கு இணங்கப் பிணைக்கப்பட்டன.

காலாட்படை வீரனின் கைத்துப்பாக்கியும் இவ்வழியே சென்றது. 1936இல் அமெரிக்கப் படை ஏற்ற கறண்ட் துப்பாக்கி, வெடிவளியின் ஒரு பகுதியைக் கொண்டு தோட்டாவைத் தானே ஏற்றுவது. ஒவ்வொரு வெடிக்கும் விசையை ஒருமுறை இழுத்தல் வேண்டும். 1954இல் பிரித்தானியர் ஏற்ற எல். 1. ஏ. 1 துப்பாக்கியும் அவ்வகையினதே. இவற்றில் தோட்டா அறையின் சரிவில் மோதி, வளைந்து, விரைந்து உட்செல்லும். அம்மோதலில் சன்னம் கோதினுள் அழுந்தினால் மருந்துக்குரிய இடம் குறையும். அழுத்தம் அஞ்சத்தக்க அளவு உயரும். ஆகவே இராணுவத் தோட்டாக்களில் பள்ளவரை நெரிப்பும், பல நாட்டுத் தோட்டாக்களிற் கழுத்தின் உட்புறம் தார் போன்ற பூச்சும் அமைந்தன. பூச்சு ஈரத்தையும் தடுக்கும். கேப்புக் கழன்று எந்திரத்தில் விழாதவாறு அதனைச் சுற்றியும் பித்தளையை நெரித்தனர்.

கையால் நிரப்புவோர் கண்ட முரண்பாடு

கையால் நிரப்பும் கலை சட்டம் இடந்தந்த நாடுகளில், சிறப்பாக அமெரிக்காவில், வளர்ந்தது. 1884இல் தோன்றிய ஐடியல் என்னும் நிறுவனம் இடுக்கி போன்ற ஒரு கருவியைச் செய்து விற்றது. பழைய கேப்பை நீக்கல், புதியதை இடல், சன்னத்தை அமர்த்தல், வாயை நெரித்தல் ஆகியவற்றை அதனைக் கொண்டு வேட்டைக்காரனே செய்துகொண்டான். கோடைற் இழைகளைப் போலன்றி, அங்கு வழங்கிய மருந்து சிறுமணிகளாயிருந்தமையும் அளத்தற்கு வாய்ப்பாயிற்று.

இங்கு எழுந்த வாதம் இன்றும் ஓயவில்லை. தானே ஏற்றும் துப்பாக்கிக்கு நெரிப்பு வேண்டும் என்பர் ஒரு சாரார். கழுத்தின் இயல்பான பிடியே போதும் என்பர் மறுசாரார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. கழுத்துச் சன்னத்தைவிடச் சற்றே சிறிதாக இருப்பதனால் உண்டாகும் பிடியே அடிப்படை. அப்பிடி தளர்ந்த கோதை எவ்வளவு நெரித்தும் பயனில்லை. பித்தளை மீளுந்தன்மை உடையது, ஈயம் அவ்வாறன்று. அளவுக்கு மேல் நெரித்துக் கைவிடும்போது பித்தளை சிறிது பின்வாங்க, நசுங்கிய சன்னம் அவ்வாறே நிற்கும். முன்னிருந்த பிடியும் தளரும். பள்ளவரை இல்லாத சன்னத்தை நெரித்தால் அதன் உருவம் சிதைந்து குறி பிறழும். வலிந்து நெரிக்கின் கோதின் தோள் புடைத்து அறையுட் செல்லாது நிற்பதும் உண்டு. கோதுகளின் நீளம் ஒன்றுபோல் இல்லையெனின், ஒன்றில் நெரிப்பு மிகும். இன்னொன்றில் விளிம்பே எட்டாது.

எனவே போட்டிகளிற் குறி தவறாமை வேண்டுவோர் நெரிப்பைப் பெரும்பாலும் தவிர்ப்பர், அல்லது மிக மென்மையாகவே செய்வர். போர்த்தோட்டா ஆக்குவோர் குறியின் நுட்பத்தைச் சிறிது விட்டுக்கொடுத்தும் உறுதியையே நாடுவர். ஒருவருக்கு நூறு தோட்டாக்கள் ஒரே புள்ளியிற் படுதல் வேண்டும். மற்றவருக்குப் பல்லாயிரத்துள் ஒன்றும் சிக்காதிருத்தல் வேண்டும். இவ்விரு வேண்டுகோளும் கோதின் வாயிலேதான் மோதுகின்றன. இராணுவக் கோதை மீண்டும் நிரப்புவோர் முதலிற் செய்வது, கேப்பைச் சுற்றி ஆலை நெரித்த விளிம்பைச் சுரண்டி நீக்குவதே. ஆலையின் பிடி நீங்கினாலன்றிக் கையின் வேலை தொடங்காது.

முடிவுரை

இடியனின் கோலினின்று பள்ளவரை நெரிப்புவரை வந்த இவ்வரலாற்றில், மருந்தைத் தடுத்து நிறுத்தும் தேவை மாறவில்லை. தடுப்பவர் மட்டுமே மாறினர். முதலில் அது சுடுவோன் கையில் இருந்தது. பின் தாள் சுருட்டியவர் கைக்குச் சென்றது. அவர் வீரனின் உள்ளத்தை எண்ணிப் பாராமையால் 1857 விளைந்தது. அதன்பின் சட்டமும் ஆலையும் அதனைத் தம்பால் ஈர்த்துக்கொண்டன. அருவங்காட்டில் உழைத்த கைகள் நம்மவருடையனவாயினும், எவ்வளவு, எவருக்கு, எதற்கு என்னும் முடிவுகள் விடுதலை வரை பிறருடையனவாகவே இருந்தன. விரைவு மிகுந்தபோது எந்திரமே இறுக்கத்தின் அளவை விதிக்கத் தொடங்கிற்று.

தளர்ந்தால் சன்னம் நழுவும். மிக இறுகினால் குறி பிறழும். இது பித்தளைக்கு மட்டும் உரிய நெறியன்று. 1857க்கு முன் தம் வீரர் உள்ளத்தை அறியாத ஆட்சி பிடியைத் தளரவிட்டது; அதன் பின்னோ சட்டத்தால் இறுக நெரித்தது. இரண்டும் நெடிது நில்லாமை வரலாறு கண்ட உண்மை. ஒரு தோட்டாவைச் சரியாக நெரிப்பவன் கருவியின் வலிமையை முதலில் நோக்கான். தான் பிடிக்கும் பொருளின் இயல்பையே நோக்குவான். மக்களை ஆள்வோர்க்கும் மாணவரைப் பயிற்றுவோர்க்கும் அவ்வறிவே முதற்கண் வேண்டுவது.